எழுதுகோலும் ‘நான்’ என்னும் சொல்லும்

எழுதாத குடும்பம் இன்று அரிது. வேலைக்கு விண்ணப்பம், பள்ளிக்கு விடுப்புக் கடிதம், ஆட்சியர் அலுவலகத்திற்கு மனு, அன்பியத்தின் ஆண்டறிக்கை, வின்சென்ட் தே பவுல் சபையின் மாத அறிக்கை, மறைந்தவருக்கு இரங்கலுரை, தொலைவிலுள்ள பிள்ளைக்கு நான்கு வரி என்று ஏதேனும் ஒன்றை எழுதாமல் ஒரு மாதம் கழிவதில்லை. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை, காக்களூர் ஆகிய தொழிற்பேட்டைகளைச் சார்ந்து வாழும் திருவள்ளூர் மாவட்டக் குடும்பங்களுக்கு இத்தேவை இன்னும் மிகுதி. இங்கே ஒரு தாள் வேலையைத் தேடித் தருகிறது. இன்னொரு தாள் அவ்வேலையைப் பறித்துவிடவும் கூடும்.

இத்தாள்களில் ஒரு சொல் வரிக்கு வரி வந்து அமர்ந்துகொள்கிறது. அச்சொல் ‘நான்’. அதைக் குறைத்து எழுதுவது நடையழகுக்காக மட்டுமன்று. நம் ஆன்ம வாழ்வைத் தொடும் காரியம் ஒன்றும் அதில் அடங்கியுள்ளது. அச்சொல்லை எங்கே விட்டுவிடலாம், எங்கே விடவே கூடாது என்னும் இரண்டையும் சேர்த்துச் சிந்திப்போம்.

இரண்டு அறிக்கைகள்

ஏழைக் குடும்பங்களைச் சந்தித்து வந்த சபை உறுப்பினர் ஒருவர் இவ்வாறு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

‘நான் சென்ற ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டைக்குச் சென்றேன். நான் அங்கே ஒரு கைம்பெண்ணைச் சந்தித்தேன். நான் அவருக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்தேன். நான் அவருக்கு ஆறுதல் கூறினேன். நான் அவருடைய மகனைப் பற்றியும் விசாரித்தேன்.’

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆயினும் படித்து முடித்த பின் நம் மனத்தில் நிற்பவர் யார்? அறிக்கை எழுதியவரே. அந்தத் தாயோ, மகனோ நம் கண்முன் வரவில்லை. அதையே வேறு வகையில் எழுதிப் பார்ப்போம்:

‘சென்ற ஞாயிறன்று கவரைப்பேட்டையில் ஒரு கைம்பெண்ணைச் சந்தித்தேன். கணவர் இறந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது. சபையின் சார்பில் ஐந்து கிலோ கொடுத்தோம். மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு வாரமாகப் பள்ளிக்குச் செல்லவில்லை. காரணத்தை அவர் கூறத் தயங்கினார். அடுத்த வாரம் மீண்டும் போகவேண்டும்.’

‘நான்’ விலகியதும் அவ்விடத்தில் பிறர் வந்து நிற்க இடம் கிடைத்தது. பையன் பள்ளிக்குப் போகவில்லை என்ற செய்தி முதல் அறிக்கையில் இல்லவே இல்லை. சபை அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதை அச்செய்திதான் காட்டுகிறது. தன்னையே பேசும் எழுத்தின் பெருங்குறை இதுவே: அது செருக்காகத் தோன்றுகிறது என்பதைவிட, பிறரைக் காணவிடாமல் மறைத்துவிடுகிறது.

தமிழ் தந்துள்ள வசதி

இந்தத் திருத்தத்திற்கு நம் தாய்மொழி பெரிதும் இடம்கொடுக்கிறது. ‘வந்தேன்’ என்றாலே வந்தவர் யார் என்பது விளங்கிவிடும். வினையின் இறுதியிலுள்ள ‘ஏன்’ என்னும் விகுதியே தன்மை ஒருமையைக் காட்டுகிறது. ‘ஓம்’ என்பது தன்மைப் பன்மையைக் காட்டுகிறது. எழுவாய் வெளிப்படையாக வராவிடினும் வாக்கியம் குறைவுபடுவதில்லை. இதனைத் தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்திருக்கிறோம்.

குருமடங்களில் பயிலப்பட்டுவந்த இலத்தீன் மொழியும் இத்தகையதே. ‘கிரேதோ’ என்ற ஒரே சொல்லில் ‘நம்புகிறேன்’ என்னும் முழுப்பொருளும் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் அவ்வாறு இயலாது. அதன் வினைச்சொல் தன்மையையும் முன்னிலையையும் பிரித்துக் காட்டாதாகையால் ஒவ்வொரு முறையும் ‘ஐ’ என்று சொல்லியே ஆகவேண்டும். ஆங்கில வழியில் பயிலும் நம் பிள்ளைகள் தமிழ் எழுதும்போதும் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்துவிடுகின்றனர். ‘நான் காலையில் எழுந்தேன், நான் பல் துலக்கினேன், நான் கோவிலுக்குச் சென்றேன்’ என்று எழுதும் குழந்தையிடம் செருக்கு ஏதுமில்லை, பழக்கம்தான் இருக்கிறது. ஆனால் பழக்கம் வளர்ந்தே பண்பாகிறது.

எனினும் ‘நான்’ என்பதை முற்றிலும் ஒதுக்கவேண்டுவதில்லை. ‘தம்பி போகட்டும், நான் இருக்கிறேன்’ என்று வேறுபடுத்திக் கூறும் இடத்தில் அச்சொல் இருந்தே தீரவேண்டும். பொருளுக்குத் தேவைப்படும்போது அது வலுவாக ஒலிக்கும். வரிதோறும் வந்தால் அந்த வலுவும் கெட்டுவிடும்.

நன்னூல் வகுத்த நெறி

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், தன்னைத்தான் புகழ்தல் எத்தனை சிறந்த நூல் செய்தவனுக்கும் தகாது என்றார். அதனால் ஒரு நூலின் சிறப்பைக் கூறும் பாயிரத்தை அந்நூலாசிரியனே எழுதலாகாது. அவனுடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, தகுதியுள்ள உரைகாரரோ எழுதவேண்டும் என்பது அவர் வகுத்த முறை.

ஆனால் அம்முனிவர் வாழ்க்கையை அறியாதவர் அல்லர். தன்னைப் புகழ்ந்துகொள்வதும் தகும் என்று நான்கு இடங்களைக் காட்டுகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது ஒன்று. தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் இருக்கும்போது ஒன்று. அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய வேளையில் ஒன்று. எதிராளி தன்னைப் பழித்துரைக்கும்போது ஒன்று.

இந்த நான்கையும் நம் வாழ்வோடு பொருத்திப் பார்த்தால் வியப்பு உண்டாகிறது. ஆட்சியருக்கு எழுதும் மனு அரசவைக்கு எழுதும் ஓலையே அன்றோ? வேலை கேட்டு ஓர் ஆலைக்கு அனுப்பும் விண்ணப்பம், நம் ஆற்றலை அறியாதவரிடம் பேசும் பேச்சே அன்றோ? செய்யாத குற்றத்திற்கு விளக்கம் கேட்டு நிர்வாகம் கடிதம் அனுப்பினால், பழித்துரைக்கப்பட்டவர் தம் பக்கத்தைச் சொல்லத்தானே வேண்டும்? ஆகவே இவ்விடங்களில் நாணி ஒதுங்குவது தாழ்ச்சியன்று. தம் திறமையைத் தெளிவாகக் கூறலாம், கூறவும் வேண்டும்.

கூறும் முறையில்தான் வேறுபாடு உள்ளது. ‘நான் கடின உழைப்பாளி, நான் நேர்மையானவன், நான் எந்த வேலையையும் செய்வேன்’ என்று ஓர் இளைஞர் எழுதினால் மேலாளர் அதிலிருந்து எதையும் அறியமாட்டார். ‘ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயிற்சி, இரண்டு ஆண்டு. காக்களூர்ப் பட்டறை ஒன்றில் மூன்று ஆண்டு வேலை. வெல்டிங்கும் பழக்கம் உண்டு. இரவு ஷிப்டுக்கும் வர இயலும்’ என்று எழுதினால் அவரைப் பற்றி நான்கு செய்திகள் தெரிந்துவிடுகின்றன. இங்கே ‘நான்’ ஒருமுறைகூட வரவில்லை. உழைப்பாளி என்பதை அவருடைய ஆண்டுகளே சொல்லுகின்றன.

முழுவதும் தன்னைப் பற்றியே எழுதவேண்டிய தன்வரலாற்றிலும் இந்நெறி இயலும் என்பதற்குத் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையரே சான்று. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் சரித்திரம்’ என்னும் அந்நூலின் பெயரிலேயே ‘என்’ இருக்கிறது. ஆனால் படிப்போர் உள்ளத்தில் அவருக்கு நிகராக நிற்பவர் அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மாணவர் தம் கதையைச் சொல்லப் புகுந்து ஆசிரியருக்குக் கோவில் கட்டிவிட்டார்.

விவிலியம் காட்டும் மனிதர்கள்

லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு செல்வனைப் பற்றி ஆண்டவர் உவமை கூறுகிறார். நிலம் நன்றாக விளைந்துவிட்டது. அவன் யாரிடம் ஆலோசனை கேட்கிறான்? தன்னிடமே. அவன் பேச்சில் வருவனவெல்லாம் என் விளைச்சல், என் களஞ்சியம், என் தானியம், என் உடைமை என்பனவே. உழுதவர் இல்லை, அறுத்தவர் இல்லை, மழை தந்த கடவுளும் இல்லை. அன்றிரவே உயிர் கேட்கப்பட்டது. பதினெட்டாம் அதிகாரத்தில் கோவிலுக்குச் சென்ற பரிசேயனும் அவனுக்கு உறவினனே. அவன் மன்றாட்டு முழுவதும் தன் நோன்பையும் தன் காணிக்கையையும் பற்றிய கணக்கு.

இவ்விரண்டையும் எழுதிவைத்த லூக்காவை நோக்குவோம். நற்செய்தியின் முகவுரையில், தாமும் ஆராய்ந்து எழுத முற்பட்டதாகச் சொல்லும்போது மட்டும் தம்மைக் குறிக்கிறார். பிறகு மறைந்துவிடுகிறார். அவரே எழுதிய திருத்தூதர் பணிகளில், பதினாறாம் அதிகாரத்தில் பவுலடியார் துரோவாவில் காட்சி கண்டு மக்கதோனியாவுக்குப் புறப்படும்போது, ‘அவர்கள்’ என்று சென்றுகொண்டிருந்த கதை திடீரென்று ‘நாங்கள்’ என்று மாறுகிறது. தாமும் அப்பயணத்தில் சேர்ந்துகொண்டார் என்பதை அந்த ஒரு சொல்லால் உணர்த்துகிறார். வேறு அறிமுகம் இல்லை. இருபத்தேழாம் அதிகாரத்தில் கப்பல் உடையும் வேளையிலும் அந்தப் பன்மையே தொடர்கிறது. கப்பலில் இருந்த 276 பேருள் அவரும் ஒருவர். தாம் எப்படித் தப்பினார் என்று தனியே ஒரு வரியும் எழுதவில்லை.

பவுலடியாரோ ‘நான்’ என்று அடிக்கடி எழுதியவர். கொரிந்தியரிடையே அவரைப் பழித்துப் பேசியவர்கள் இருந்தமையால் தம் பாடுகளைப் பட்டியலிட நேர்ந்தது. நன்னூலார் காட்டிய நான்காம் இடம் இதுவே. எனினும் அப்படிப் பேசுவது அறிவீனம் என்று அவரே கூசுகிறார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் வானம்வரை எடுத்துச் செல்லப்பட்ட அனுபவத்தைச் சொல்லும்போது ‘நான்’ என்று சொல்லாமல், கிறிஸ்துவுக்குள் வாழும் ஒரு மனிதரை அறிந்திருப்பதாகப் படர்க்கையில் கூறிவிடுகிறார். துன்பத்தைத் தன்மையிலும் மேன்மையைப் படர்க்கையிலும் வைத்த அந்த நுட்பம் கருதத்தக்கது.

அன்னை மரியாவின் பாடல் ‘என்’ என்று தொடங்குகிறது. ஆனால் இரண்டொரு வரிகளுக்குள் வினைகளுக்கெல்லாம் எழுவாய் இறைவனாகிவிடுகிறார். பார்த்தவர் அவர், செய்தவர் அவர், உயர்த்தியவர் அவர். ஆகவே ‘நான்’ எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. செயலுக்குரியவராக யாரை வைத்திருக்கிறோம் என்று பார்ப்பதே முதன்மையானது.

விடக்கூடாத இடம்

இனி மறுபக்கத்தைக் காண்போம். ஓர் ஆலையில் இரவு ஷிப்டில் விபத்து நேர்கிறது. மறுநாள் அறிக்கை எழுதப்படுகிறது: ‘இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டிருந்தது. அது மீண்டும் பொருத்தப்படவில்லை. கவனக்குறைவால் ஒப்பந்தத் தொழிலாளியின் கை சிக்கிக் காயமுற்றது.’

இங்கே ‘நான்’ ஒன்றும் இல்லை. ஆனால் இது தாழ்ச்சியா? மூடியைக் கழற்றியவர் யார்? அது இல்லாமலே ஓட்டச் சொன்னவர் யார்? ‘பட்டது’ என்னும் வினைக்குப் பின்னால் இருவர் ஒளிந்துகொண்டார்கள். வாக்கியத்தில் வெளிப்படையாக நிற்கும் மனிதர் ஒருவரே. அவர் கை போனவர். கவனக்குறைவு என்னும் பழியும் அவர் தலையிலேயே வந்து விழுகிறது. இழப்பீடு கேட்கும் நாளில், மூடியைக் கழற்றியது யார் என்பதே கேள்வியாகும். அன்று அந்தத் தாள் அவருக்கு எதிராகப் பேசும். ‘மூடியில்லாமல் ஓட்டச் சொன்னவன் நான்’ என்று மேற்பார்வையாளர் எழுதும் ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தின் சோற்றைக் காப்பாற்றக்கூடும். அவ்விடத்தில் ‘நான்’ என்பதை விடுவது பாவம்.

திருச்சபை இதனைத் திருப்பலியில் நமக்குக் கற்பிக்கிறது. பாவ அறிக்கையை ஒருமையில்தான் சொல்லுகிறோம். மார்பில் தட்டிக்கொண்டு ‘என்’ என்னும் சொல்லை மும்முறை கூறுகிறோம். ‘தவறுகள் நிகழ்ந்துவிட்டன’ என்றோ, ‘நாம் அனைவரும் பலவீனர்’ என்றோ சொல்லித் தப்பிக்க அங்கே இடமில்லை. 325ஆம் ஆண்டு நீசேயாவில் கூடிய ஆயர்கள் ‘நம்புகிறோம்’ என்று பன்மையில் அறிக்கையிட்டனர். ஆயினும் திருமுழுக்கில் வாக்குறுதி கொடுப்பவர் ‘நம்புகிறேன்’ என்று தமக்காகத் தாமே சொல்லவேண்டும். குற்றத்தை ஏற்பதற்கும் வாக்குக் கொடுப்பதற்கும் ‘நான்’ வேண்டும். பெருமையைப் பெறுவதற்கு அது வேண்டுவதில்லை. நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: வெற்றி ‘நான் செய்தது’, தவறு ‘நடந்துவிட்டது’.

நாமும் நாங்களும்

‘நான்’ என்பதைக் குறைக்க விரும்புவோர் பன்மைக்குப் போவது இயல்பு. அங்கும் எச்சரிக்கை வேண்டும். தமிழில் ‘நாம்’ என்பது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். ‘நாங்கள்’ என்பது அவரை வெளியே நிறுத்தும். நம் எல்லையோரக் குடும்பங்கள் பேசும் தெலுங்கிலும் ‘மனம்’ என்பது சேர்க்கும். ‘மேமு’ என்பது விலக்கும். இந்தியின் ‘ஹம்’ என்பதிலும் ஆங்கிலத்தின் ‘வி’ என்பதிலும் இவ்வேறுபாடு இல்லை.

இது வெறும் இலக்கணச் செய்தியன்று. கும்மிடிப்பூண்டிப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழும் கிராமத்தார் உள்ளனர். தொழிற்சாலை வேலையை நாடித் தென் மாவட்டங்களிலிருந்து வந்தோர் உள்ளனர். முகாமில் வாழும் ஈழத்து உறவுகள் உள்ளனர். வடமாநிலத் தொழிலாளரும் உள்ளனர். இத்தகைய ஊரில் திருவிழா அறிக்கையில் ‘நாங்கள் கட்டிய கோவில், நாங்கள் நடத்தும் விழா’ என்று எழுதினால், பின் வரிசையில் நிற்கும் புதியவருக்கு அந்த ஒரு சொல் சுவராகிவிடும். ‘நம் கோவில்’ என்று எழுதினால் அதுவே கதவாகும். கொடுத்தவர் பெயர்ப் பட்டியலைக் காட்டிலும் இந்த ஒரு சொல் அதிக ஒற்றுமையை வளர்க்கும்.

ஆண்டவர் கற்பித்த செபத்தில் ‘நான்’ என்பது ஓரிடத்திலும் இல்லை. அறையைப் பூட்டிக்கொண்டு தனியே செபிப்பவரும் ‘எங்கள்’ என்றே சொல்லுகிறார். தந்தையையே நோக்கிப் பேசுவதால் அங்கே ‘எங்கள்’ என்பதே முறையான தமிழ். தனக்கு வேண்டிய உணவைக் கேட்கும்போதே, பிறருக்கும் சேர்த்துக் கேட்டுவிடுகிறார்.

பன்மையே பெருமைக்கு உரியதாவதும் உண்டு. அரசர்களைப் போலத் திருத்தந்தையரும் நெடுங்காலம் தம்மைப் பன்மையில் குறித்துவந்தனர். 1978இல் 33 நாள்களே ஆட்சி செய்த முதலாம் யோவான் பவுல் தம் உரைகளில் அம்முறையை விடுத்து எளிமையாக ‘நான்’ என்று பேசினார். அங்கே ‘நான்’ என்பதே தாழ்ச்சியாயிற்று. இக்கட்டுரையில் வரும் ‘நாம்’ வாசகரையும் சேர்த்துக்கொண்டதே என்பதை நேயர்கள் அறிவர்.

சில எளிய பயிற்சிகள்

முதலாவது, எழுதும்போது தடையின்றி எழுதிவிடுவோம். பிறகு நான், என், எனக்கு, என்னால் என்று வரும் இடங்களை எல்லாம் கோடிட்டுப் பார்ப்போம். அச்சொல்லை நீக்கியும் பொருள் விளங்குமாயின் நீக்கிவிடுவோம்.

இரண்டாவது, அடுத்தடுத்து மூன்று வாக்கியங்கள் நம்மைக் கொண்டே தொடங்கினால், ஒன்றையேனும் நாளையோ, ஊரையோ, பிறரையோ கொண்டு தொடங்குவோம்.

மூன்றாவது, நீக்கிய இடத்தில் ‘அடியேன்’, ‘இச்சிறியவன்’ என்று போடவேண்டா. பத்து முறை தன்னைச் சிறியவன் என்பவர் பத்து முறை தன்னையே காட்டுகிறார்.

நான்காவது, இரங்கலுரை எழுதுவோர் மறைந்தவரைப் பற்றி எழுதுவோமாக. அவரோடு நமக்கிருந்த நெருக்கம் ஒரு வரியில் அடங்கட்டும்.

ஐந்தாவது, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ எழுதும் கடிதத்தில் நம் செய்திகள் எத்தனை, அவர்களைப் பற்றிய கேள்விகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்போம். ‘அம்மா, கால்வலி எப்படி இருக்கிறது?’ என்ற ஒரு கேள்வி, ஒரு பக்கம் நிறைய நம் சம்பளக் கதையைவிட அவருக்கு இனிக்கும்.

ஆறாவது, தவறு நம்முடையதானால் ‘நான்’ என்று தயங்காமல் எழுதுவோம். பிள்ளைகளுக்கும் அதைப் பழக்குவோம். ‘கண்ணாடி உடைந்துவிட்டது’ என்று வரும் சிறுவன் ‘நான் உடைத்துவிட்டேன்’ என்று சொன்னால், அடிக்காமல் கேட்பது பெற்றோர் கடமை.

நம் தொழிற்பகுதியின் குடும்பங்களுக்குத் தகுந்த பாதுகாவலர் ஒருவர் உண்டு. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசிய சொல் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. கேட்டார், எழுந்தார், அழைத்துச் சென்றார், காத்தார் என்ற செயல்களே உள்ளன. அத்தகையவரைத் தலைவராகக் கொண்டுதான் வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணி என்னும் காப்பியத்தை 3615 பாடல்களில் பாடினார். தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லாதவரைப் பற்றிச் சொல்லப் பிறர் வருவர். சொல்லாவிடினும் இறைவன் அறிவார். அடுத்த தாளை எடுக்குமுன் அவரை நினைத்து ஒரு சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு எழுதத் தொடங்குவோமாக.